பம்பருக்கு அடியிலும் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வேகமாக ஓட்டினால் வண்டியில் ஒட்டியிருக்கும் பூச்சி முட்டைகள் உதிர்ந்துவிடாதா?

உதிராது. மழைக்கும் பனிக்கும் தாங்கட்டும் என்று தாய்ப்பூச்சி ஒட்டிவைத்தது அது. உங்கள் வண்டியோடு புதிய ஊருக்குப் போய், அங்கே பொரித்து மரங்களைத் தாக்கும்.

கேள்வி: முட்டைத் திரளை எப்படி அடையாளம் காண்பது?

ஸ்பாஞ்சி மாத் என்னும் அந்துப்பூச்சியின் திரள், வெளிர்பழுப்புக் கம்பளித் துணியைக் கிழித்து ஒட்டியது போல் இருக்கும். ஒன்றில் 500 முதல் 1000 முட்டைகள். ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளை என்னும் சாறுறிஞ்சும் பூச்சி இடுவது 30, 40 தான். ஆனால் அதன்மேல் பூசிய மெழுகு காய்ந்தால் அசல் சேற்றுக்கறை. மட்கார்டில் சேறு இருந்தால் யார் குனிந்து பார்க்கிறார்கள்? கீறிப் பாருங்கள், அடியில் விதைகளை அடுக்கியது போல் வரிசை தெரிந்தால் முட்டைதான். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தரையில் தட்டிவிட்டால் அங்கேயே பொரிக்கும். கையுறை அவசியம், அந்துப்பூச்சித் திரளின் ரோமம் அரிக்கும்.

கேள்வி: காரில் பழுப்பு நிறப் பூச்சி ஒன்று இருந்தது. ஆபத்தானதா?

படம் இல்லை, அளவு இல்லை, எந்த ஊர் என்றும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: முகாமுக்குப் போகிறோம். வீட்டிலுள்ள விறகை எடுத்துச் செல்லலாமா? நன்றாகக் காய்ந்ததுதான்.

கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் "காய்ந்ததுதான்" வந்துவிடுகிறது. ஆஷ் மரங்களின் பட்டைக்கடியில் துளைத்து அவற்றைக் கொல்லும் எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு வட அமெரிக்காவில் 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. தானாகப் பறந்து பரவினால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான். விறகுக் கட்டோடு போனால் ஒரே பகலில் சில நூறு. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போய்விட்டன. பட்டையை உரித்துப் பாருங்கள்: பாம்பு நெளிந்தது போன்ற தடங்கள், உள்ளே திணித்த மரத்தூள், வண்டு வெளியேறிய 3 மில்லிமீட்டர் துளை. வெட்டிப் போட்ட கட்டையிலிருந்தும் வண்டு வெளிவரும். உள்ளே ஒன்றுமில்லை என்றாலும், குவித்த விறகின்மேல் அந்துப்பூச்சி புதிதாக முட்டையிடும். "எரிக்கத்தானே போகிறோம்" என்பீர்கள். வழியில் உதிர்ந்த பட்டையை யார் எரிப்பது? மிச்சத்தை "அடுத்தவருக்கு ஆகட்டும்" என்று விட்டுவருகிறீர்களே, அந்தத் தானதர்மம்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. விறகை, எரிக்கப்போகும் இடத்திலேயே வாங்குங்கள்.

கேள்வி: விறகை மூடிய காரில் வெயிலில் வைத்துவிட்டால் பூச்சி செத்துவிடாதா?

மரப்பெட்டிகளுக்கான சர்வதேச விதி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கவேண்டும் என்கிறது. காரில் சுடுவது காற்று. கட்டையின் நடு அல்ல. மேலே பார்க்க: கூடாது.

கேள்வி: வீடு மாறுகிறோம். பூந்தொட்டிகளை வண்டியில் ஏற்றலாமா?

முதலில் உங்கள் பகுதியின் தாவரத் தடைக்காப்பு விதியை, அதாவது செடியையும் மண்ணையும் வெளியே கொண்டுபோகலாமா என்று சொல்லும் விதியைப் பாருங்கள். தொட்டி மண்ணில் கருவுற்ற ராணி நெருப்பெறும்பு ஒன்று இருந்தால் போதும், புதிய ஊரில் புற்று எழும்.

கேள்வி: வண்டியை எப்போது சோதிப்பது?

கிளம்பும் முன். சக்கர வளைவு, பம்பரின் உட்புறம், கூரைத் தாங்கி, மடித்த கூடாரம். திரும்பக் கிளம்பும்போதும் அப்படியே.