வேறொருவர் எழுதிய வெப் ப்ராஜெக்டை நம் கணினியில் ஓட வைப்பது எப்படி?

கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நோட் ஜேஎஸ் ப்ராஜெக்டை குளோன் செய்தாயிற்று, ரீட்மீயில் சொன்னபடியே என்பிஎம் இன்ஸ்டாலும் என்பிஎம் ஸ்டார்ட்டும் கொடுத்தாயிற்று, டெர்மினல் முழுக்க எரர். இனி எங்கிருந்து பிடிப்பது?

ரீட்மீயை மூடிவிட்டு சிஐ ஃபைலைத் திறங்கள், அதாவது யாராவது கோடை ரெப்போவுக்கு அனுப்பும் (புஷ்) ஒவ்வொரு முறையும் அதைத் தானாக பில்ட் செய்து சோதித்துப் பார்ப்பதற்கான கட்டளைகள் இருக்கும் ஃபைல். கிட்ஹப் என்றால் ரெப்போவில் டாட் கிட்ஹப் ஃபோல்டருக்குள் ஒர்க்ஃப்ளோஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், கிட்லேப் என்றால் ரெப்போவின் மேல்மட்டத்திலேயே ஒரு யாமல் ஃபைல் கிடக்கும். ரீட்மீயில் ஒரு வரி பழசாகிப்போனால் எதுவும் நின்றுபோகாது, அதனால் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சிஐ ஃபைலில் தப்பு இருந்தால் அடுத்த புஷ்ஷிலேயே பில்ட் சிவப்பாகிவிடும், டீமில் யாராவது சரிசெய்தே தீர வேண்டும். எதுவுமே இன்ஸ்டால் செய்யாத ஒரு மெஷினில் எந்த நோட் வெர்ஷன், எந்த டேட்டாபேஸ் வெர்ஷன், எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை என்பதெல்லாம் வரிசையாக அதில்தான் இருக்கும். புது ப்ராஜெக்ட் எது வந்தாலும் நான் முதலில் படிப்பது அதைத்தான்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது நோட் வெர்ஷன். பழைய ப்ராஜெக்ட்டில் அதிகம் மாட்டுவது இங்கேதான். உங்கள் எரரில் "ஓஎஸ்எஸ்எல் ஈவிபி அன்சப்போர்ட்டட்" என்று ஒரு துண்டு வருகிறதா பாருங்கள். 2021 அக்டோபரில் வந்த நோட் 17, என்கிரிப்ஷன் வேலைகளைச் செய்யும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3ஆம் வெர்ஷனுக்கு மாறியது, கோட் ஃபைல்களை ஒன்றாகக் கட்டித்தரும் வெப்பேக் 4 ஹாஷ் போடப் பயன்படுத்தும் எம்டி4 என்ற பழைய முறையை அந்த ஓப்பன்எஸ்எஸ்எல் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம், ப்ராஜெக்ட் கோடில் ஒரு குறையும் இல்லை. தேடினால் "லெகஸி ப்ரொவைடர்" என்று ஒரு ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லிப் பல பதில்கள் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள், எரர் மறையும், ஆனால் டீமில் மற்றவர்கள் ஓட்டும் வெர்ஷனில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், அடுத்த பிரச்சனை வரும்போது அது உங்கள் மெஷினில் மட்டும் வருகிறதா எல்லோருக்கும் வருகிறதா என்றே தெரியாது. ஒரே மெஷினில் பல நோட் வெர்ஷன்களை மாற்றி மாற்றி ஓட்ட உதவும் என்விஎம் போட்டுக்கொண்டு, சிஐ சொல்லும் வெர்ஷனுக்கே மாறுங்கள். வெர்ஷனை ஏற்றுவது நல்ல வேலைதான், ஆனால் அது தனி வேலை, முதலில் ஓடட்டும்.

அப்புறம், என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கொடுங்கள். இது பழைய நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, லாக் ஃபைலில் (ஒவ்வொரு பேக்கேஜுக்கும் துல்லியமான வெர்ஷனைக் குறித்து வைத்திருக்கும் ஃபைல்) இருக்கும் அதே வெர்ஷன்களை மட்டும் இறக்கும், லாக் ஃபைலைத் தொடாது. என்பிஎம்முக்கு மாற்றான யார்னின் லாக்கோ பிஎன்பிஎம்மின் லாக்கோ மட்டும் இருந்தால் என்பிஎம் பக்கமே போக வேண்டாம், இரண்டு லாக் ஃபைல் இருந்தால் சிஐ எதைப் பயன்படுத்துகிறதோ அதுதான் சரி.

பாஸ்வேர்ட், கீ போன்ற ரகசிய செட்டிங்குகள் இருக்கும் என்வி ஃபைல் பெரும்பாலும் ரெப்போவில் இருக்காது, இருக்கவும் கூடாது. என்வி எக்ஸாம்பிள் என்று மாதிரி இருந்தால் காப்பி எடுங்கள். இல்லையென்றால் கோடில் "ப்ராசஸ் டாட் என்வ்" என்று தேடினால் என்னென்ன பெயர்கள் வேண்டும் என்ற பட்டியல் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்துவிடும்.

டேட்டாபேஸ் கனெக்ட் ஆகாமல் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" வந்தால் பாஸ்வேர்டைப் போட்டுக் குடையாதீர்கள், விஷயம் அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. அந்த முகவரியில், அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆப் டாக்கர் கன்டெய்னருக்குள் (மெஷினிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஒரு தனிச் சூழல்) ஓடுகிறது என்றால் அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் லேப்டாப்பையோ பக்கத்துக் கன்டெய்னரையோ அல்ல. எந்தெந்தக் கன்டெய்னர்கள் ஓட வேண்டும் என்று சொல்லும் கம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பெயரோ அதையே ஹோஸ்டாகக் கொடுங்கள். ஆப் வெளியே, டேட்டாபேஸ் மட்டும் டாக்கரில் என்றால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் அதன் 5432 போர்ட் வெளியே திறந்திருக்கிறதா, ஏற்கெனவே மெஷினில் ஓடும் வேறொரு போஸ்ட்கிரெஸ் அதே போர்ட்டைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது நிலைமையில் பாஸ்வேர்ட் தப்பு என்றே எரர் வரும், சரியான பாஸ்வேர்டைத் தப்பான டேட்டாபேஸிடம் கொடுத்துக்கொண்டிருப்போம், இது ஆளை நன்றாகச் சுற்றவிடும்.

கனெக்ட் ஆனதும் மைக்ரேஷன் (டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்குவது), பிறகு சீட் (மாதிரி டேட்டாவை நிரப்புவது). சீட் டேட்டா இல்லை என்றால் "ப்ரொடக்ஷன் டம்ப் தருகிறேன், போட்டுக்கொள்" என்று யாராவது சொல்வார்கள், அதாவது நிஜமாக ஓடும் டேட்டாபேஸின் நகல். தயவுசெய்து வாங்காதீர்கள். நிஜ மனிதர்களின் பெயரும் போன் நம்பரும் உங்கள் லேப்டாப்பில் இருக்க எந்த அவசியமும் இல்லை, அதுவும் ஆப் லோக்கலிலிருந்து உண்மையான மெயில் அனுப்பும்படி செட்டாகியிருந்தால் நடக்கக்கூடியதை நினைத்துப் பாருங்கள். கையால் நாலு ரெக்கார்ட் போட்டாலே லாகின் செய்து உள்ளே போய்விடலாம். டீமிடம் கேட்க வேண்டியது பேமென்ட், மெயில் மாதிரி வெளிச் சேவைகளின் டெஸ்ட் கீ மட்டும்தான்.

இதற்கு மேலும் நின்றால், உங்கள் ஓஎஸ் எது, நோட் வெர்ஷன் என்ன, டெர்மினலில் வந்த முதல் எரர் என்ன என்பதைக் கேள்வியில் சேருங்கள். கடைசி எரர் வேண்டாம், பெரும்பாலும் அது முதல் எரரால் வந்ததாகவே இருக்கும்.