முதுகுக்குப் போகும் வலி கேஸ் அல்ல

வயது 48. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளோடு நான்கு மாதமாக வாரம் ஒருமுறை டிர்செபடைட் ஊசி. 9 கிலோ குறைந்திருக்கிறேன். இந்த ஊசியால் தைராய்டு புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. அம்மாவும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். முடி கொட்டுகிறது, ஏப்பம், மலச்சிக்கல். மருந்துக்கடையில் கேட்டு 5-லிருந்து 10-க்கு ஏற்றிய பிறகு இரண்டு முறை மேல்வயிறு வலித்து முதுகு வரை போனது. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டேன். ஊசியை நிறுத்தலாமா?
— வாசகி, திருச்சி

அடுத்த ஊசியைப் போடாதீர்கள். தைராய்டுக்காகச் சொல்லவில்லை, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வலிக்காக.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அது வீங்கினால் மேல்வயிற்றில் பிடிக்கும் வலி முதுகுக்கு ஊடுருவும். மணிக்கணக்கில் விடாது. மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும், வாந்தி எடுத்தாலும் அடங்காது. இந்த வகை ஊசிகளில் இது அரிதுதான். ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரும். அந்தக் கல் நழுவி, குழாயை அடைத்தாலும் கணையம் வீங்கும்.

நாளைக்கே மருத்துவரைப் பார்த்து லைபேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி) ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ஈசிஜி மூன்றையும் எடுங்கள். ஈசிஜி எதற்கு என்று கேட்காதீர்கள்: சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பும் 'கேஸ்' வேஷத்தில் வரும். வலி இல்லாத நாளில் லைபேஸ் சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது, ஸ்கேன் கட்டாயம். வலி மறுபடி வந்தால் எதையும் சாப்பிடாமல் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்போது லைபேஸ் இயல்பின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் கணைய அழற்சிதான். அது உறுதியானால் இந்த ஊசியும் வேண்டாம், இதே வகையைச் சேர்ந்த செமாகுளூடைடும் வேண்டாம்.

5-லிருந்து 10-க்கு யார் ஏற்றச் சொன்னது? 2.5 மில்லிகிராமில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது 4 வாரம் நின்று, 2.5 மில்லிகிராம் மட்டுமே கூட்ட வேண்டும். மருந்துக்கடை கவுன்ட்டர் அதை முடிவு செய்யும் இடம் அல்ல. ஏப்பமும் மலச்சிக்கலும் இந்த அவசரத்தின் கூலி. இன்று நிறுத்தினாலும் 5 நாள் கழித்துப் பாதி மருந்து உடம்பில் இருக்கும்.

கிளிமிபிரைடு விஷயத்திலும் கவனம் தேவை. வாந்தியால் சாப்பிட முடியாத நாளில் அதைப் போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சாப்பாடு பழையபடி இறங்கத் தொடங்கினால், ஊசி இல்லாததால் சர்க்கரை ஏறும். அதையும் அடிக்கடி பாருங்கள்.

தைராய்டுக்கு வருகிறேன். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தைராய்டில் 'சி-செல்' என்ற ஒரு வகைச் செல்லில் கட்டி வந்தது உண்மை. மனிதர்களிடம் அப்படி உறுதியாகவில்லை. மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோயோ, 'மென் 2' என்ற பரம்பரை நோயோ தனக்கோ குடும்பத்திலோ இருப்பவர்கள்தான் இந்த ஊசியைப் போடக் கூடாது. அம்மா தினமும் காலையில் போடும் மாத்திரை, தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கானது என்றால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழுத்தில் கட்டியோ, சரியாகாத குரல் கம்மலோ இருந்தால் மட்டும் காட்டுங்கள். வீடியோவை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

முடி கொட்டுவது எடை சட்டென்று இறங்கியதால். முட்டை, பருப்பு, மீன் என்று புரதத்தைக் கூட்டுங்கள். சில மாதங்களில் நின்றுவிடும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை.

மருத்துவமனைக்குப் போகும்போது ஊசிப் பெட்டியையும் கடைசியாகப் போட்ட தேதியையும் கொண்டுபோங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை வரை போனால் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், வெறும் வயிற்றோடு வந்தவருக்கும் உள்ளே சாப்பாடு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.