கன்ட்ரோல் பேனல் 24 வோல்ட் சப்ளை சந்தேகம் எல்லாம் இங்கயே கேளுங்க

கே: அண்ணா, பிஎல்சி (மெஷின ஓட்டுற கன்ட்ரோலர்), எச்எம்ஐ (ஆபரேட்டர் ஸ்க்ரீன்), சென்சார், சோலனாய்டு (வால்வ இழுக்கற காயில்) எல்லாம் கூட்டினா 4.1 ஆம்ப்ஸ் வருது. 5 ஆம்ப்ஸ் எஸ்எம்பிஎஸ் (ஏசிய 24 வோல்ட் டிசியா மாத்துற சப்ளை) போதும்ல?

ப: ஏசி ரூம்னா போதும் தம்பி. ஆனா நீங்க மாட்டப்போறது ஸ்பின்னிங் மில்லுல, ஃபேன் ஃபில்டர்ல பஞ்சு அடைச்சு சித்திரை வெயிலுக்கு பேனல் உள்ள 60 டிகிரி ஈசியா வரும். நிறைய மாடல் 50 டிகிரி வரைக்கும்தான் முழு ஆம்ப்ஸ் தரும், அதுக்கு மேல டிகிரிக்கு 2.5 சதவீதம் குறையும், அப்போ 60ல உங்க 5 ஆம்ப்ஸ் 3.75தான். உங்க மாடலோட டேட்டாஷீட்ல அந்த கிராஃப பாத்துட்டு 10 ஆம்ப்ஸ் போடுங்க. மேலயும் கீழயும் கேப் விடுங்க, ஒயரிங் டக்ட்ட ஒட்டி மாட்டாதீங்க.

கே: சார், ஃபீல்டுல, அதாவது பேனலுக்கு வெளிய, ஒரு சென்சார் கேபிள் ஷார்ட் ஆனா பிஎல்சியே ஆஃப் ஆகுது, எம்சிபி (ஷார்ட் ஆனா தானா விழற ஸ்விட்ச்) ட்ரிப் ஆகல. 10 ஆம்ப்ஸ் சப்ளை, 6 ஆம்ப்ஸ் சி கர்வ் எம்சிபி.

ப: எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். சி கர்வ்னா அந்த எம்சிபி உடனே விழ அதோட ரேட்டிங்ல 5லேர்ந்து 10 மடங்கு, அதாவது 30லேர்ந்து 60 ஆம்ப்ஸ் ஓடணும், டிசில இன்னும் கூடவே வேணும். உங்க சப்ளை 10க்கு மேல கொஞ்சம் குடுத்துட்டு வோல்டேஜ விட்ருது, எம்சிபி சும்மா வேடிக்கை பாக்குது, பிஎல்சி செத்துப்போகுது. நானே ஒரு ராத்திரி பூரா பிஎல்சிய சந்தேகப்பட்டு ப்ரோக்ராம மூணு தடவ டவுன்லோட் பண்ணினேன், விடிஞ்சு பாத்தா எலி கடிச்ச ப்ராக்ஸிமிட்டி சென்சார் கேபிள். பிஎல்சிக்கு தனி சப்ளை குடுத்துடுங்க, ஃபீல்டுக்கு சேனல் சேனலா எலக்ட்ரானிக் ஃப்யூஸ் போடுங்க, கரண்ட் கொஞ்சம் கூடினாலே அந்த சேனல மட்டும் கட் பண்ணிடும். காசு கூடத்தான், லைன் நின்னா ஆகுற நஷ்டத்துக்கு அது ஒண்ணுமே இல்ல.

கே: ப்ரோ, 100 மீட்டர் தள்ளி வால்வு செட், 2 ஆம்ப்ஸ், 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். சில நேரம் வால்வு தூக்க மாட்டேங்குது.

ப: அந்த ஒயர் கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம். கரண்ட் போனா திரும்பி வரணும்ல, அதனால 200 மீட்டர், 2.4 ஓம், கிட்டத்தட்ட 5 வோல்ட் ஒயர்லயே போச்சு. அங்க 19தான் இருக்கும், மீட்டர் வச்சு பாருங்க, வால்வு ஆன்ல இருக்கறப்ப. 4 ஸ்கொயர் இழுங்க, இல்லன்னா அங்கயே ஒரு சின்ன சப்ளை.

கே: பில்டிங்ல ஏஎச்யு (ஏசி காத்து தள்ளுற யூனிட்) டேம்பர் ஆக்சுவேட்டரும் (காத்து வழி தட்ட திருப்புற மோட்டார்) கன்ட்ரோலரும் ஒரே 24 வோல்ட் ஏசி ட்ரான்ஸ்ஃபார்மர்ல போடலாமாண்ணா?

ப: ரெண்டும் ஹாஃப் வேவ்னா (உள்ள டிசியா மாத்தறப்ப ஏசி அலைல பாதிய மட்டும் எடுக்கறது) போடலாம், விஏவ, அதாவது ரெண்டோட லோட, கூட்டிப் பாத்துட்டு, ரெண்டு ஒயரயும் எங்கயும் மாத்தாம. ஒண்ணு ஹாஃப் வேவ், இன்னொண்ணு ஃபுல் வேவ்னா (ரெண்டு பாதியயும் எடுக்கறது) தனித்தனி ட்ரான்ஸ்ஃபார்மர்தான். சிக்னல் காமன் வழியா ஷார்ட் ஆகி போர்டு புகைஞ்சத கண்ணால பாத்திருக்கேன்.

கே: கேஎன்எக்ஸ் (பில்டிங் லைட், ஏசி எல்லாம் கன்ட்ரோல் பண்ற ரெண்டு ஒயர் சிஸ்டம்) லைனுக்கு கைல இருக்கற 30 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஓடுமா?

ப: ஓடாது. அதே ரெண்டு ஒயர்லதான் டேட்டாவும் போகுது, நடுவுல சோக் (டேட்டா சிக்னல சப்ளைக்குள்ள விடாத காயில்) இல்லன்னா சாதா சப்ளை அந்த சிக்னல முழுங்கிடும். கேஎன்எக்ஸ் சப்ளையே வாங்குங்க, டிவைஸுக்கு 10 மில்லிஆம்ப்ஸ்னு கணக்கு போட்டா 640 மில்லிஆம்ப்ஸ் மாடல் 64 டிவைஸ் வரைக்கும் தாங்கும்.