லெல்லா லொம்பார்டியின் அரைப் புள்ளி: மேடையில் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ‘வழி திறந்த பெண்கள்’ என்ற தலைப்பில் எட்டு நிமிடம் பேச வேண்டும். கார் ரேஸ் என்றால் அவளுக்கு உயிர் என்பதால் இத்தாலியைச் சேர்ந்த லெல்லா லொம்பார்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ‘ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் பெண்’ என்று எழுதி வைத்திருந்தாள். அது வேறொருவர் என்று நான் படித்தேன். இதற்கிடையில் அவளுடைய மாமா, ‘விபத்தாகிப் பாதியில் நின்ற ரேஸ்ல கிடைச்ச அரைப் புள்ளி. அதைப் போய் சாதனைன்னு பேசலாமா?’ என்று கேட்டுவிட்டார். பிள்ளை வாடிப்போய்விட்டாள். பேச்சில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

பதில்: ஆளை மாற்ற வேண்டாம். அருமையான தேர்வு. பேச்சின் எடை எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ‘முதல் பெண்’ சங்கதி. நீங்கள் படித்தது சரி. அந்த இடம் மரியா தெரேசா தே ஃபிலிப்பிஸுக்கு உரியது. அவரும் இத்தாலியர்தான், 1926-இல் நேப்பிள்ஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று அண்ணன்கள் பந்தயம் கட்ட, 1948-இல் ஒரு குட்டி ஃபியட் 500 காரோடு களத்தில் இறங்கித் தன் பிரிவில் ஜெயித்தார். பத்து ஆண்டு கழித்து, 1958-இல், மசெராட்டி 250எஃப் காரில் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஓட்டிப் பத்தாவதாக வந்தார். உலகப் போட்டியில் மூன்று ரேஸ்களில் கலந்துகொண்டார், புள்ளி கிடைக்கவில்லை. 1959 ஆகஸ்டில் அவருடைய அணியை நடத்திய ஜான் பெஹ்ரா பெர்லினில் ரேஸில் இறந்ததும் ஒதுங்கிவிட்டார். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண்கூட ஃபார்முலா ஒன் ரேஸில் புறப்படவில்லை. அந்த இடைவெளியை உடைத்தவர்தான் லொம்பார்டி. ஆகவே ‘முதல் பெண்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண்’ என்று எழுதச் சொல்லுங்கள். இன்றைக்கும் அது அப்படியே நிற்கிறது. தே ஃபிலிப்பிஸின் பெயரையும் ஒரு வரியில் சொல்லிவிடட்டும். அவருக்குச் செய்யும் மரியாதை அது.

இனி ஆளைப் பற்றி. முழுப்பெயர் மரியா கிராசியா லொம்பார்டி. 1941 மார்ச் 26-இல், வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், அலெஸ்ஸாண்ட்ரியா பக்கத்திலுள்ள ஃப்ருகரோலோ என்ற சிற்றூரில் பிறந்தார். ஆங்கிலப் பத்திரிகைகள் அவருக்கு ‘டூரினின் பெண்புலி’ என்று பட்டம் கொடுத்தன. அதைப் பார்த்துவிட்டு டூரின்காரர் என்று பலர் எழுதுகிறார்கள். உங்கள் மகள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம். அப்பா இறைச்சிக் கடைக்காரர். கடை வேனை எடுத்துக்கொண்டு சரக்கு கொண்டுபோய்ப் போட்டதுதான் லெல்லாவின் முதல் ஓட்டுநர் பயிற்சி. தே ஃபிலிப்பிஸ் போலப் பணக்கார வீடு கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பேச்சில் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

கார்ட்டிங் என்ற குட்டி வண்டிப் பந்தயத்தில் தொடங்கி, 1965-இல் ஃபார்முலா மொன்சா என்ற தொடக்கப் பிரிவுக்கு வந்தார். ஃபியட் 500 இன்ஜின் பூட்டிய சின்ன ஒற்றை இருக்கைக் கார்கள் அவை. 1968-இல் ஃபார்முலா த்ரீ. 1970-இல் இத்தாலியின் ஃபார்முலா 850 சாம்பியன். 1974-இல் இங்கிலாந்துக்குப் போய் ஃபார்முலா 5000 ஓட்டினார். ஐந்து லிட்டர் அமெரிக்க வி8 இன்ஜின், சுமார் 500 குதிரைத்திறன், பவர் ஸ்டியரிங் கிடையாது. பெண்ணுக்கு உடல் வலு போதாது என்று வகுப்பில் எந்தப் பையனாவது சொன்னால் இந்தக் காரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒவ்வொரு படியிலும் அடுத்த சீசனுக்கான காசை யாரிடமாவது கேட்டுப் பெற்றுத்தான் மேலே வந்தார். ஃபார்முலா ஒன் ரேஸில் முதன்முதலாகப் புறப்பட்டபோது வயது 33. இன்றைக்குப் பலர் அந்த வயதில் ஓய்வைப் பற்றி யோசிக்கிறார்கள்.

குழந்தைகளுக்குப் பிடிக்கும் ஒரு துணுக்கு: 1974-இல் பிரான்ட்ஸ் ஹாட்ச்சில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீக்கு (கிராண்ட் பிரீ என்றால் ஃபார்முலா ஒன் தொடரின் ஒரு ரேஸ்) ஒரு பழைய பிரபாம் காரோடு வந்தார். காரின் எண் 208. ரேடியோ லக்சம்பர்க் பண உதவி செய்தது. அந்த வானொலியின் அலைநீளம் 208 மீட்டர். தகுதி பெறவில்லை. ஆனால் அந்த எண் பலருடைய நினைவில் நின்றுவிட்டது.

1975-இல் கவுண்ட் ஜானோன் என்ற இத்தாலியப் பிரபுவின் ஆதரவும் லவாட்சா காப்பி நிறுவனத்தின் விளம்பரமும் கிடைக்க, ‘மார்ச்’ என்ற பெயருள்ள அணியில் இடம் வந்தது. மார்ச் 1-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கியலாமியில் முதல் ரேஸ். எரிபொருள் கோளாறால் பாதியில் நின்றார். அப்புறம்தான் ஏப்ரல் 27, பார்சிலோனாவின் மொன்ட்ஜூயிக் பூங்கா.

மாமாவின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். அது நகரப் பூங்காவின் சாலைகளில் அமைந்த டிராக். இரு பக்கமும் இரும்புத் தடுப்பு. பயிற்சிக்கு வந்த ஓட்டுநர்கள் தடுப்புகளைச் சோதித்தபோது பல இடங்களில் போல்ட் சரியாக முறுக்கப்படவே இல்லை. ஓட்ட மாட்டோம் என்றார்கள். அணிகளின் மெக்கானிக்குகளே ஸ்பேனரோடு போய் முறுக்கினார்கள். கார்களைப் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்ற மிரட்டல் வந்ததும் வேறு வழியில்லாமல் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அப்போதைய உலகச் சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி மட்டும் மறுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இருபத்தாறாவது சுற்றில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ரோல்ஃப் ஸ்டொமெலனின் காரில், காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் பின் இறக்கை முறிந்தது. கார் தடுப்பைத் தாண்டிப் பறந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். ஸ்டொமெலனுக்குப் பலத்த காயம். 75 சுற்று ஓட வேண்டிய ரேஸ் 29 சுற்றோடு நிறுத்தப்பட்டது.

அந்த நேரத்தில் ஆறாவது இடத்தில் இருந்தவர் லொம்பார்டி. 24-ஆவதாகப் புறப்பட்டவர். அப்போது ஆறாம் இடத்துக்கு ஒரு புள்ளி. ரேஸ் அறுபது விழுக்காடுகூட ஓடாததால் எல்லோருக்கும் பாதி. அதனால் அரைப் புள்ளி.

முன்னால் இருந்தவர்கள் பலர் மோதி, காரில் கோளாறாகி வெளியேறினார்கள், இவர் முதலிடத்தைவிட இரண்டு சுற்று பின்தங்கியிருந்தார் என்பதெல்லாம் உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாமாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அதே ரேஸில் முதலாவது வந்தவர் ஜெர்மனியின் யோகன் மாஸ். அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் வெற்றி அதுதான். லொம்பார்டியின் சக ஓட்டுநர் விட்டோரியோ பிரம்பில்லாவின் ஒரே வெற்றியும் அதே ஆண்டு ஆஸ்திரியாவில் மழையால் பாதியில் நின்ற, பாதிப் புள்ளி கொடுத்த ரேஸ்தான். அந்த இருவரையும் யாரும் அரை வெற்றியாளர் என்று சொல்வதில்லை. மழையால் ஓவர் குறைந்த கிரிக்கெட் மேட்சில் ஜெயித்தாலும் ஜெயித்ததுதானே? ஆண்களுக்கு ஒரு கணக்கு, இவருக்கு ஒரு கணக்கு என்பது நியாயமில்லை.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. மேடையில் இதைச் சொல்லும்போது இறந்த ஐந்து பேரை முதலில் சொல்லட்டும், புள்ளியைப் பிறகு சொல்லட்டும். கைதட்டலுக்கான இடமாக அதை வைக்க வேண்டாம்.

கைதட்டலுக்கு இடம் வேண்டுமென்றால் நூர்பர்க்ரிங் இருக்கிறது. அதே 1975 ஆகஸ்டு, ஜெர்மன் கிராண்ட் பிரீ. ஒரு சுற்றே 22.8 கிலோமீட்டர், காட்டுக்குள் ஏறி இறங்கி வளையும் பழைய டிராக், 14 சுற்று. டயர் பஞ்சராகிப் பலர் அவதிப்பட்ட அந்த ரேஸில் லொம்பார்டி ஏழாவதாக வந்தார். ஒரே ஒரு இடம் முன்னால் வந்திருந்தால் முழுதாக ஒரு புள்ளி. என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த ஃபார்முலா ஒன் ஓட்டம் இதுதான். ஸ்பெயினைவிட இதற்கு ஒரு நிமிடம் அதிகம் ஒதுக்கலாம்.

இதோடு இன்னொரு செய்தியைச் சேர்க்காமல் பேச்சை முடிக்கவே கூடாது. அந்த சீசன் முழுக்கத் தன் கார் வளைவுகளில் சரியாக நடந்துகொள்ளவில்லை என்று லொம்பார்டி சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1976-இல் அவருடைய இடத்துக்கு ஸ்வீடனின் ரோனி பீட்டர்சன் வந்தார். அந்தக் காலத்து மிக வேகமான ஓட்டுநர்களில் ஒருவர். அவரும் அதையே சொன்னார். காரைப் பிரித்துப் பார்த்தால், பின்பாகத்தைத் தாங்கும் மெக்னீசிய வார்ப்பில் விரிசல்! மார்ச் நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவரான பொறியாளர் ராபின் ஹெர்டே பின்னாளில் இதைச் சொன்னார். அப்படி ஒரு விரிசல் இருந்தால், வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது அந்த இடம் நெகிழ்ந்துகொடுக்கும்; சக்கரம் நிற்க வேண்டிய கோணத்தில் நிற்காது. ஸ்பிரிங்கை மாற்றினாலும் இறக்கையின் சாய்வை மாற்றினாலும் தீராத வியாதி அது. அதை வைத்துக்கொண்டுதான் ஏழாவதாக வந்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனது கனக்கிறது. ஒரு பெண் சொன்னதை அப்போதே ஒரு மெக்கானிக் எழுந்துபோய்ச் சரிபார்த்திருந்தால் இந்தக் கதை எப்படிப் போயிருக்கும்? ‘வழி திறந்த பெண்கள்’ என்ற தலைப்புக்கு அரைப் புள்ளியைவிட இந்த விரிசல்தான் நெருக்கமானது. பேச்சின் நடுவில் இதை வைக்கச் சொல்லுங்கள்.

1976-இல் பிரேசில் ரேஸோடு மார்ச் அணியில் இருந்த இடம் போயிற்று. பிறகு ராம் அணியின் பிரபாம் காரில் ஆஸ்திரியாவில் 12-ஆவதாக வந்தார். அதுவே அவருடைய கடைசி ஃபார்முலா ஒன் ரேஸ். மொத்தம் 12 ரேஸ்களில் புறப்பட்டிருக்கிறார். பெரும்பாலான கட்டுரைகள் இத்தோடு முடித்துவிடுகின்றன, அதுதான் எனக்குக் குறை. அவருடைய பெரிய வெற்றிகளெல்லாம் இதற்குப் பிறகுதான். 1977-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பெல்ஜியத்தின் கிறிஸ்டின் பெக்கர்ஸுடன் பதினொன்றாவது இடம். அதே ஆண்டு அமெரிக்காவின் டேடோனாவில் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரில் ஒரு ரேஸ். 1979-இல் சிசிலியின் பெர்கூசாவில் ஆறு மணி நேரப் பந்தயத்தை என்ரிக்கோ கிரிமால்டியுடன் சேர்ந்து வென்றார். 1981-இல் இத்தாலியின் முஜெல்லோவில் ஜோர்ஜோ ஃபிரான்சியாவுடன் இன்னொரு ஆறு மணி நேர வெற்றி. அது உலகச் சாம்பியன்ஷிப் தொடரின் பந்தயம். இரண்டுமே ஒசெல்லா கார்களில். அங்கே அரையும் இல்லை, காலும் இல்லை: முழு வெற்றி. பிறகு ஆல்ஃபா ரோமியோவில் டூரிங் கார் பந்தயங்கள், அதாவது சாலைக் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் பந்தயங்கள். 1988-இல் ஓட்டுவதை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு சொந்தமாக லொம்பார்டி ஆட்டோஸ்போர்ட் என்ற அணி தொடங்கினார். 1992 மார்ச் 3-இல் மிலானில் புற்றுநோயால் காலமானார், 50 வயதில்.

எட்டு நிமிடத்துக்கு இத்தனையும் அதிகம். இறைச்சிக் கடை வேனில் தொடங்கி, 208-ஐத் தொட்டு, ஸ்பெயினைச் சுருக்கமாகவும் நேர்மையாகவும் சொல்லி, விரிசலுக்கும் நூர்பர்க்ரிங்குக்கும் நல்ல நேரம் கொடுத்து, முஜெல்லோ வெற்றியில் முடித்தால் சரியாக இருக்கும். ஆண்டுகளை அடுக்க வேண்டாம். 1975 ஒன்று மனதில் நின்றால் போதும். கிராண்ட் பிரீ என்றால் என்ன, புள்ளி எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை இரண்டே வரியில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாதி வகுப்பு விழிக்கும்.

கடைசியில் கேள்வி நேரம் இருந்தால், ‘இவருக்கு அப்புறம் யார்?’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். தயாராக இருக்கட்டும். டிவினா கேலிகா, டெசிரே வில்சன், ஜொவான்னா அமாத்தி ஆகிய மூவரும் உலகப் போட்டிக்கு முயன்று தகுதி பெறவில்லை. அமாத்தியின் முதல் முயற்சி 1992 மார்ச் 1 ரேஸுக்கு, அதே கியலாமியில். லொம்பார்டி முதன்முதலாகப் புறப்பட்ட அதே தேதி. 1976 ஆஸ்திரியாவுக்குப் பிறகு இன்றுவரை எந்தப் பெண்ணும் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி ரேஸில் புறப்படவில்லை. ஏன் என்று அடுத்த கேள்வி வந்தால், திறமைக் குறைவு என்ற பதிலை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். சிறு வயதிலேயே கார்ட்டிங்கில் இறங்கி, வருடா வருடம் பெரும் பணம் கொட்டினால்தான் மேலே வர முடியும். பெண் குழந்தைக்கு அந்தப் பணத்தைப் போட வீடும் தயங்குகிறது, ஸ்பான்சரும் தயங்குகிறார். இதைச் சரிசெய்யத்தான் 2023-இல் பெண்களுக்கு மட்டுமான எஃப்1 அகாடமி என்ற தொடரைத் தொடங்கினார்கள்.