மூச்சுக்குழாயில் அரிய கட்டி: லேசர் போதுமா, வெட்டி இணைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 44. ஆஸ்துமா என்று இரண்டு ஆண்டுகள் இன்ஹேலர் பயன்படுத்தியும் இளைப்பு குறையவில்லை. சிடி ஸ்கேனில் மூச்சுக்குழாயின் நடுவில் 2 செ.மீ. கட்டி தெரிந்தது, திசுப் பரிசோதனையில் ‘அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா’ என்ற அரிய வகைப் புற்றுநோய் என்று வந்துள்ளது. லேசரே போதும் என்கிறார் ஒரு மருத்துவர். குழாயை வெட்டி இணைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். குரல் போய்விடுமா?

பதில்: இந்நோய் தாமதமாகவே பிடிபடுவதற்குக் காரணம் உண்டு. குழாயின் உள்வழி பாதிக்கும் மேல் அடைபடும் வரை பலருக்கு மூச்சுத் திணறல் தெரிவதில்லை. மார்பு எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் எதுவும் தென்படாது. ஆஸ்துமாவின் விசில் சத்தம் பொதுவாக மூச்சை வெளிவிடும்போது கேட்கும், நாளுக்கு நாள் கூடிக் குறையும். மூச்சை உள்ளிழுக்கும்போதும் சத்தம் கேட்டாலோ, சளியில் இரத்தம் கலந்து வந்தாலோ, மருந்துக்கு இளைப்பு அடங்காவிட்டாலோ, குழாயையே சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் உடல்நிலை இடம்கொடுத்து, கட்டி அருகிலுள்ள முக்கிய உறுப்புகளுக்குள் ஊடுருவாமலும் இருந்தால், வெட்டி இணைப்பதே சரியான வழி என்பது என் கருத்து. இவ்வகைக் கட்டி, கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி, உட்சவ்வின் அடியிலும் நரம்புகளின் ஓரமாகவும் ஊர்ந்து பரவும் இயல்புடையது என்பதால், லேசர் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் அகற்றும். வேர் அப்படியே இருக்கும். மூச்சு முட்டும் நிலையில் வழியைத் திறந்து, அறுவை சிகிச்சைக்கு அவகாசம் பெற்றுத் தருவதே அதன் பயன்.

பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 11 செ.மீ. நீளமுள்ளது; அதில் ஏறத்தாழ பாதி வரை நீக்கி இரு முனைகளையும் தைத்து இணைக்க இயலும். ஆகவே, குரல்நாண்களிலிருந்து கட்டியின் மேல்முனை வரையிலும், அதன் கீழ்முனையிலிருந்து குழாய் இரண்டாகப் பிரியும் இடம் வரையிலும் உள்ள தூரங்களை பிராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) துல்லியமாக அளப்பது மிக முக்கியம். அளவுக்கு மீறி வெட்டினால் தையல் இழுபட்டுப் பிரியும் அபாயம் உண்டு என்பதால், வெட்டிய ஓரத்தில் நுண்ணிய அளவில் நோய் எஞ்சியிருந்தாலும் மேலும் வெட்டாமல் கதிர்வீச்சு அளிப்பது வழக்கம். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். இணைப்பின் மீது இழுவிசை விழாதிருக்க, முகவாயை மார்போடு சேர்த்துத் தைத்து, தலையை ஏறக்குறைய ஒரு வாரம் குனிந்த நிலையிலேயே வைத்திருப்பார்கள். சிரமமானதுதான், ஆனால் தாங்கக்கூடியது.

கட்டி நடுப்பகுதியில் இருப்பதால் குரல்வளையை நீக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. எனினும், குரல்நாண்களை இயக்கும் நரம்புகள் குழாயின் இருபுறமும் ஒட்டியே செல்வதால் குரல் கரகரக்கலாம். நரம்பு வெட்டுப்படாதவரை, பலருக்கு அது நாளடைவில் சரியாகும். குரல்நாண்களின் அசைவை முன்கூட்டியே பரிசோதித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அறுவை நிபுணரைக் கலக்காமல் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்த அவசரப்பட வேண்டாம். இணைப்புக்குத் தேவைப்படும் நல்ல பகுதி அதனால் பாழாகக்கூடும். மருத்துவக் குழு இதுவரை இத்தகைய அறுவைகள் எத்தனை செய்துள்ளது என்று தயங்காமல் கேளுங்கள். இந்நோய் பத்து ஆண்டுகள் கடந்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடியது என்பதால், நலமாக உணர்ந்தாலும் தொடர் பரிசோதனைகளை நிறுத்திவிடாதீர்கள்.