அம்மாவுக்கு எந்த அறை?

அன்புள்ள ஐயா,

நான் பெரியகல்லாறைச் சேர்ந்தவன். ரொறொன்ரோவில் இருக்கும் என் தம்பி, மயாமியிலிருந்து புறப்படும் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் ஒன்றில் அம்மாவையும் என்னையும் ஏழு நாள் கூட்டிப்போக நினைத்திருக்கிறான். அறையை இந்த மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டுமாம். யன்னல் இல்லாத உள்ளறைக்கு விலை குறைவு, கடல் பார்த்த பல்கனி அறைக்கு நல்ல கூட. எங்கள் அம்மா 2004 சுனாமியில் என் தங்கையைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. கப்பல் என்றதும் பேசாமல் இருந்துவிட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீங்கள் அப்படியொரு கப்பலில் போய்வந்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். உள்ளே ஏறியதும் எப்படி இருந்தது? அம்மாவுக்கு எந்த அறை நல்லது?

ச., பெரியகல்லாறு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. அம்மா பேசாமல் இருந்தார் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதே மௌனம் இருந்தது. என் அக்கா மட்டக்களப்புக் கடற்கரையோரம் டச்பாரில் குடியிருந்தவர். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியவர். லண்டனில் இருக்கும் என் மகள் எங்களைக் கப்பலுக்குக் கூப்பிட்டபோது, மாமியும் வந்தால்தான் போவது என்று ஒரே பிடியாக நின்றாள். அக்கா கடைசிவரை ஆம் என்று சொல்லவில்லை. பெட்டியை மட்டும் அடுக்கினார்.

நாங்கள் போனது ரோயல் கரிபியன் நிறுவனத்தின் ஒயாசிஸ் வகுப்புக் கப்பல். ஒரே அமைப்பில் கட்டிய கப்பல்களைத்தான் ஒரு வகுப்பு என்கிறார்கள். அந்த வகுப்பின் முதல் கப்பல் 2009இல் ஓடத் தொடங்கியது. நீளம் ஏறத்தாழ 361 மீற்றர். மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பாலத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தாலும் அவ்வளவு வராது. பயணிகளுக்கு மட்டும் 16 தளங்கள். அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டாலே 5,400 பேர், பணியாளர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். 2024 ஜனவரியில் வந்த ஐகன் ஒஃப் த சீஸ் இதைவிடப் பெரியது, 248,663 தொன். இந்தத் தொன் கப்பலின் எடை இல்லை, உள்ளே எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதற்கான கணக்கு. இதை ஒத்த பழைய கணக்கில் டைட்டானிக் 46 ஆயிரத்துச் சொச்சம்தான்.

ஏறியதும் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலில் ஏறிய மாதிரியே இல்லை. வாவியில் வள்ளத்தில் கால் வைத்தால் உடனே ஒரு சாய்வு வரும், உடம்பு தானாகச் சமாளித்துக்கொள்ளும். அது இங்கே இல்லை. மூடிய நடைபாலம் ஒன்றில் நடந்து போனோம், தண்ணீர் கண்ணில் படவே இல்லை. மறுபக்கம் கடைத்தெரு, விளக்குகள், பாட்டு. கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அக்கா என் மனைவியின் கையைப் பிடித்தபடி, “கப்பல் எங்க?” என்று கேட்டார். அதற்குள் நின்றுகொண்டுதான் கேட்டார்.

எனக்கும் மனைவிக்கும் உள்ளறை. 150 சதுர அடி போல இருக்கும். இந்த அறைகளைப் பெரும்பாலும் தொழிற்சாலையில் தனித்தனிப் பெட்டிகளாகவே செய்து, குளியலறை, மின்கம்பி எல்லாம் பொருத்தி, லாச்சியைத் தள்ளுவது போலக் கப்பலுக்குள் தள்ளிப் பொருத்துகிறார்கள். சுவர் உலோகம். காந்தம் ஒட்டும், அதில் தொப்பியையும் பையையும் தொங்கவிடலாம். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குளியலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். மலகூடம் காற்றை உறிஞ்சிக் கழுவுவது, முதல் தடவை அந்தச் சத்தத்தில் திடுக்கிடுவீர்கள். இவை எல்லாம் ஒரு நாளில் பழகிவிடும்.

பழகாதது இருட்டு. நம் ஊர் ஆட்கள் வெளிச்சத்தை வைத்தே நேரம் சொல்பவர்கள். உள்ளறையில் விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. விழித்தபோது விடியற்காலையா, மத்தியானமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். பல கப்பல்களில் முன்பக்கத்துக் கமராவின் காட்சி அறைத் தொலைக்காட்சியில் வரும். இரண்டாம் இரவிலிருந்து சத்தத்தை நிறுத்தி அதை ஓடவிட்டுத் தூங்கினோம். கிழக்கு வெளுத்தால் அறையும் வெளுக்கும். தூங்குவதற்கு மட்டும் அறை வேண்டும் என்றால் உள்ளறை போதும், காசும் மிச்சம். ஆனால் உங்கள் அம்மாவை அதில் வைக்காதீர்கள். ஒருமுறை மூச்சு முட்டியவருக்கு யன்னல் இல்லாத இருட்டு எதை நினைவுபடுத்தும் என்று நமக்குத் தெரியாது.

அவருக்குக் கடல் பார்த்த அறையும் வேண்டாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒயாசிஸ் வகுப்புக் கப்பல்கள் நடுவில் பிளந்தவை. 8ஆம் தளத்தில், திறந்த வானத்துக்குக் கீழே, உயிருள்ள செடிகளும் மரங்களும் வைத்த பூங்கா இருக்கிறது. சென்ட்ரல் பார்க் என்று பெயர். அதன் இரு பக்கமும் மேலே மேலே அறைகள், பல்கனிகள் பூங்காவைப் பார்த்தபடி. காற்று வரும், பகல் வரும், இலை தெரியும், கடல் தெரியாது. அக்காவும் மகளும் அப்படியொரு அறையில்தான் இருந்தார்கள். மகள் விலை பார்த்து எடுத்தது, வேறு யோசனை இருக்கவில்லை. அக்கா முதல் நாள் முழுக்க அந்தப் பல்கனிக் கதிரையில் இருந்து, கீழே செடிகளுக்கு வேலை செய்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் தம்பி எடுக்கும் கப்பலில் இந்த மாதிரி அறை உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லாக் கப்பலிலும் இல்லை.

அறை நடுப்பகுதியில் கிடைத்தால் நல்லது. முன்னும் பின்னும்தான் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். பக்கவாட்டு ஆட்டத்தை நீருக்குள் இருக்கும் துடுப்பு போன்ற தகடுகள் குறைத்துவிடும், முன்பின் ஏற்ற இறக்கத்தை அவற்றால் அவ்வளவு குறைக்க முடியாது.

நான்காம் நாள் நடுக்கடல். மகள் எப்படியோ பேசி அக்காவை 5ஆம் தளத்துத் திறந்த நடைபாதைக்குக் கூட்டிவந்துவிட்டாள். அக்கா சுவரோடு முதுகை ஒட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கரை எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டார். எந்தப் பக்கமும் இல்லை அக்கா என்றேன். சுற்றிப் பார்த்தார். “கரையே இல்லையெண்டா அது எதில வந்து அடிக்கும்?” என்றார். அப்புறம் ஒரு கதிரை கேட்டார்.

அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2004இல் அந்த அலை எழுந்து இரண்டு மணி நேரத்தில் மேலே போன செய்மதி ஒன்று இந்தியப் பெருங்கடலில் அதை அளந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் 60 சென்ரிமீற்றர் அளவுதான். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்த அலை, மேலே நிற்கும் கப்பலை மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. அன்று ஆழ்கடலில் தொழிலுக்கு நின்றவர்கள் ஒன்றும் தெரியாமல் திரும்பிவந்து, கரையில் ஊரைத் தேடிய கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அக்காவின் பயம் கடலில் இல்லை, கரையில் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. யோசித்துப் பார்த்தால், கப்பல் தீவுகளில் நின்ற நாட்களில்தான் அவர் அறையை விட்டு வரவில்லை. எங்களுக்கு அது களைப்பு என்று பட்டது. உங்கள் பயணத்திலும் இப்படி நாட்கள் வரும். கரிபியன் பயணங்களில் வெள்ளை மணல் கடற்கரையில் இறக்கிவிட்டு, எல்லோரும் இறங்குங்கள் என்பார்கள். உங்கள் தம்பியின் பிள்ளைகள் அப்பம்மாவையும் இழுப்பார்கள். இழுக்க விடாதீர்கள். அன்று யாராவது ஒருவர் அம்மாவோடு கப்பலிலேயே நில்லுங்கள். கப்பல் முக்கால்வாசி காலியாக இருக்கும், பூங்கா முழுக்க உங்களுக்குத்தான்.

சின்ன விஷயங்கள். அமெரிக்கத் தட்டை முள் பிளக்தான் அங்கே பொதுவாக, நம் சதுர முள் போகாது, மாற்றி ஒன்று கொண்டுபோங்கள். கேத்தல் கொண்டுபோக விடமாட்டார்கள். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி உணவுக்கூடத்தில் கிடைக்கும், அம்மாவுக்குப் பழகிய தேயிலையைப் பையில் வையுங்கள். அறையைத் துப்புரவு செய்ய வரும் பிள்ளையின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்கள் பக்கம் வந்தவர் இந்தோனேசியக்காரர், துவாயை யானையாக மடித்து வைப்பார். அக்கா அவரிடம், நீ எங்கே படுக்கிறாய் என்று மகளை விட்டுக் கேட்டார். தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட, யன்னல் இல்லாத அறையில், இன்னொருவரோடு என்றார். பயணிகள் கப்பலில் இரு பணியாளருக்கு 7.5 சதுர மீற்றராவது தர வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது எங்கள் உள்ளறையில் பாதி. அக்கா அன்றிலிருந்து கட்டிலைத் தானே விரித்து வைத்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் மறக்க வேண்டாம். புறப்படும் நாளில் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். இப்போது பல கப்பல்களில் விளக்கத்தைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் முகம் காட்டினால் போதும். ஆனால் அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும் என்று கேட்கவைப்பார்கள்: ஏழு குறுகிய ஒலி, அப்புறம் ஒரு நீண்ட ஒலி. அது பயிற்சிதான் என்றும், ஏன் ஊதுகிறார்கள் என்றும் அம்மாவிடம் பெரியகல்லாறில் வைத்தே சொல்லிவிடுங்கள். அந்த நேரம் பக்கத்தில் இருங்கள். நாங்கள் அக்காவுக்குச் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் அவர் என் பேரனைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்டார். நாங்கள் எட்டிப் பிடித்தபோது மூன்று தளம் ஏறியிருந்தார். பிள்ளையை இறக்கிவிடச் சொல்லியும் இறக்கவில்லை.