ஒரு ஷில்லிங் இன்று எவ்வளவு? பழைய பிரிட்டிஷ் காசுகள்: கேள்வி-பதில்

பழைய பிரிட்டிஷ் காசுகள் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இன்றைய பணத்தில் எவ்வளவு?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: 1909இல் ஐந்து ஷில்லிங் என்றால் இன்று எவ்வளவு? தேடிப் பார்த்தால் இடத்துக்கு ஒரு தொகை வருகிறதே? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: எதை வைத்து அளக்கிறோமோ அதற்கேற்பத் தொகை மாறும். நீங்கள் கேட்ட ஆண்டும் தொகையும் இதை விளக்குவதற்கு அவ்வளவு பொருத்தம். 1909 ஜனவரி 1 அன்றுதான் பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. எழுபது வயது ஆன ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆகவே அது கால் பவுண்ட்.

விலைவாசி உயர்வை மட்டும் பார்த்தால் அன்றைய ஒரு பவுண்ட் இன்று ஏறக்குறைய 100 பவுண்ட். அப்படியானால் ஐந்து ஷில்லிங் சுமார் 25 பவுண்ட். ஆனால் 2025-26இல் பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியம் வாரம் 230.25 பவுண்ட். ஒன்பது மடங்கு வித்தியாசம்! இரண்டுமே சரியான கணக்குதான். கடையில் அரிசி, ரொட்டி, நிலக்கரி எவ்வளவு வாங்கலாம் என்பது முதல் கணக்கு. ஒரு கிழவருக்கு ஒரு வாரத்துக்கு இவ்வளவு தரலாம் என்று அந்தச் சமூகம் நினைத்த அளவு இரண்டாவது. நூறு ஆண்டுகளில் விலையைவிடச் சம்பளம் பல மடங்கு வேகமாக ஏறியதால்தான் இந்த இடைவெளி.

அதனால் "இன்று எவ்வளவு" என்று கேட்பதைவிட "அன்று அதை வைத்து என்ன செய்ய முடிந்தது" என்று கேட்பதே எனக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் 1270 முதல் கணக்குப் போடும் கருவி ஒன்று உண்டு. அந்தத் தொகைக்கு எத்தனை பசு, எத்தனை குதிரை, ஒரு தொழிலாளியின் எத்தனை நாள் கூலி என்று அதுவே சொல்லிவிடும். பாடத்துக்கு அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: பென்னிக்கு ஏன் 'டி' என்று எழுதினார்கள்? (மதுரை)

பதில்: ரோமானியரின் வெள்ளிக் காசான 'டெனாரியஸ்' என்பதன் முதல் எழுத்து அது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்ட். 1971 பிப்ரவரி 15 அன்று பவுண்டுக்கு 100 பென்னி என்று மாற்றினார்கள். அதோடு 'டி' போய் 'பி' வந்தது.

கேள்வி: நகைக்கடையில் சொல்லும் சவரனும் பிரிட்டிஷ் காசும் ஒன்றுதானா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: ஆமாம், பெயரும் எடையும் அங்கிருந்து வந்தவைதான். 1816ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1817இல் வெளிவந்த ஒரு பவுண்ட் தங்கக் காசின் பெயர் 'சாவரின்'. நம் வாயில் அது சவரன் ஆனது. பவுண்ட் என்பது பவுன் ஆனது. காசின் எடை 7.988 கிராம். அதைத்தான் நாம் எட்டு கிராம் என்று முழுசாக்கி வைத்திருக்கிறோம். தரம் 22 காரட், அதாவது நீங்கள் கடையில் கேட்கும் அதே 916.

உங்கள் வீட்டில் பழைய சவரன் இருந்தால் புனித ஜார்ஜ் குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1918 என்று இருந்தால், ஆண்டு எண்ணுக்கு மேலே தரைக்கோட்டில் ஆங்கில 'ஐ' எழுத்து பொடியாகத் தெரிகிறதா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். இருந்தால் அது பம்பாயில் அடித்த காசு. அங்கே அந்த ஒரு வருடம்தான் சவரன் அடித்தார்கள்.

இதன் 'மதிப்பு' இன்னொரு கதை. விலைவாசிக் கணக்கில் 1909இன் ஒரு பவுண்ட் இன்று சுமார் 100 பவுண்ட் என்றேன் அல்லவா? அதே ஒரு பவுண்டைத் தங்கக் காசாகவே பெட்டியில் வைத்திருந்தால், 2025இல் அதிலுள்ள தங்கம் மட்டும் 400 பவுண்டுக்கு மேல் போனது.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவுக்கு 1905இல் மாதம் 15 ரூபாய் சம்பளமாம். பிரிட்டிஷ் பணத்தில் எவ்வளவு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: ஐயா, சரியாக ஒரு சவரன்! 1899 முதல் ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்று சட்டமே இருந்தது. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 16 பென்னி. ரூபாய்க்கு 16 அணா. ஆக, ஓரணா ஒரு பென்னி. காலணா ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. இரண்டு ஊர்க் காசும் இவ்வளவு அழகாக ஒன்றுக்கொன்று பொருந்தியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்தக் காலக் கடிதங்களில் பென்னி என்று வந்தால் அணா என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கினி என்பது பவுண்டா? (கொழும்பு)

பதில்: பவுண்டும் அதற்கு மேல் ஒரு ஷில்லிங்கும். 1663இல் 20 ஷில்லிங் காசாகத்தான் தொடங்கியது. தங்க விலையோடு அதன் மதிப்பு ஏறி இறங்க, நாணயச் சாலைத் தலைவராக ஐசக் நியூட்டன் இருந்தபோது, 1717இல் 21 ஷில்லிங் என்று நிலைநிறுத்தினார்கள். 1814க்குப் பிறகு காசு அடிக்கவில்லை, கணக்கு மட்டும் நிலைத்தது. மருத்துவர், வக்கீல் கட்டணம் எல்லாம் கினியில்தான். பந்தயக் குதிரை ஏலத்தில் இன்றும் கினி என்றே கூவுகிறார்கள்.

பெயருக்கான காரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரை. அங்கிருந்து தங்கம் கொண்டுவந்த கம்பெனியின் அடையாளமாகச் சில காசுகளில் அரசர் தலைக்குக் கீழே ஒரு சின்ன யானை இருக்கும். அந்தக் கம்பெனிதான் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிப்போனது. அந்த யானையைப் பார்க்கும்போது அதையும் நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

உங்கள் ஊருக்கென்றே ஒரு செய்தி: 1839 முதல் 1853க்குள் சில ஆண்டுகள் இலங்கைக்காகக் கால் ஃபார்திங் காசு அடித்தார்கள். ஒரு பவுண்டுக்கு 3,840 காசு! பழைய சாமான் கடைகளில் கண்ணை வைத்திருங்கள்.

கேள்வி: பரணில் 1912ஆம் ஆண்டு அரைக் கிரவுன் கிடைத்தது. கறுத்திருந்ததால் புளி போட்டுத் தேய்த்தேன். இப்போது பளபளக்கிறது. என்ன விலை போகும்? (காரைக்குடி)

பதில்: கடிதத்தைப் படித்ததும் மனசு வலித்தது. அரைக் கிரவுன் என்பது இரண்டரை ஷில்லிங். அன்றைய பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவரின் இரண்டரை நாள் சம்பளம். எடை 14.14 கிராம். 1919 வரை அடித்தவற்றில் 92.5 சதவீதம் வெள்ளி, ஆகவே உங்கள் காசில் 13 கிராம் வெள்ளி இருக்கிறது. விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு உறுதி. (1920 முதல் 1946 வரையிலான காசில் வெள்ளி பாதிதான். 1947 முதல் வெள்ளியே கிடையாது.)

சேகரிப்பவர் தரும் கூடுதல் விலைதான் போயிருக்கும். காசைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். அரசரின் கன்னத்தில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். அதைப் பார்த்ததும் வியாபாரி கீழே வைத்துவிடுவார். அந்தக் கறுப்பு நூறு வருடம் சேர்ந்த படலம். அதுவே காசு பழசு என்பதற்குச் சாட்சி. பரணில் இன்னும் காசு இருந்தால் தேய்க்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம். விளிம்பில் பிடித்து எடுத்து, தனித்தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள்.